கிணற்றடிப் பாடம்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்த காரணம் யாதென நம் மாணாக்கரைக் கேட்டால் அவர்கள் தடையின்றி விடை கூறுவர். அவ்வதிகாரத்துப் பத்துக் குறளையும் பிழையற ஒப்புவிப்பாரும் அவருள் உளர். அம்மாணாக்கரையே நோக்கி, ‘உன் வீட்டுக் கிணற்றில் இன்று நீர் எத்தனை அடியில் நிற்கின்றது?’ என்று வினவினால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடும். சிலர் ஆசிரியர் விளையாடுகின்றார் என்று நகைப்பர்.

இம்மௌனத்திற்காக மாணாக்கரைக் குறைகூறுதல் பொருந்தாது. துலாவும் பட்டையும் வழங்கிய காலத்தில் நீர்மட்டத்தை ஒருவரும் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. அதனைக் கையே அறிந்தது. மாசியிற் போதுமாயிருந்த கயிறு சித்திரையில் எத்தனை முழம் கூடுதலாக இறங்குகின்றது என்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். துலா மிதிப்பவர் ஒருவர், இறைப்பவர் ஒருவர், பாத்தியிலே தண்ணீர் மாறுபவர் ஒருவர் என மூவர் பாடுபட்டே தோட்டம் நனைந்தமையால், அக்காலத்திலே நீர் வியர்வையால் அளக்கப்பட்ட பொருளாயிருந்தது. பின்னர் எண்ணெய் இயந்திரம் வந்தது; அதன்பின் மின்மோட்டார் வந்தது. பாடு குறைந்தமை நன்றேயாம். துலாவினை மீட்டும் நாட்டுக என்று நாம் கூறவரவில்லை. ஆனால், பாட்டோடு சேர்ந்து ஓர் அறிவும் வீட்டைவிட்டு வெளியேறிற்று. இன்றைய பிள்ளைக்கு நீரென்பது ஆளியை அழுத்தினால் மேற்றொட்டியில் வந்து நிறைவதொன்று. அந்த அறிவினைப் பாடசாலை வாயிலாக மீட்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

நீர்வளம் பற்றிய பாடம் நம் பாடநூல்களில் இல்லையென்று சொல்வதற்கில்லை. நீர்வட்டத்தைக் காட்டும் வண்ணப்படம் ஒன்று எல்லா நூல்களிலும் உண்டு. அப்படத்திலே முகில் தவழும் மலையொன்றும், அதிலிருந்து வளைந்து இறங்கும் ஆறொன்றும், ஆறு சென்று சேரும் கடலொன்றும் வரையப்பட்டிருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மலையென ஒன்றில்லை, வற்றாத ஆறுமில்லை. வழுக்கியாறு என நாம் பெருமையோடு அழைப்பது மாரியில் மட்டும் ஓடி மறைவது. எனவே படத்தைப் பார்க்கும் பிள்ளை, நீர்வளம் என்பது மத்திய மலைநாட்டாருக்கும் மகாவலிக் கரையாருக்கும் உரிய செய்தியென எண்ணி, பரீட்சைக்காக அதனை மனனஞ் செய்து அமைகின்றது. தான் நிற்கும் நிலத்தின் அடியிலேயே ஒரு பெரிய நீர்நிலை கிடக்கின்றதென்பதனை எவரும் அதற்குக் காட்டவில்லை. கண்ணாற் காணவியலாத பொருளை எங்ஙனம் காட்டுவது? அளந்து காட்டலாம், வேறு வழி நாம் அறியோம்.

முதலிற் பொருளின் இயல்பினைக் கூறுவோம். குடாநாட்டின் பெரும்பகுதி மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கற்பாறையால் ஆயது. அப்பாறை வெடிப்பும் துளையும் குகையும் நிறைந்தது. மாரிமழை செம்மண்ணினூடு ஊறி இப்பாறையுள் இறங்குகின்றது. அதேவேளை நாற்புறத்திலிருந்தும் கடலும் கடனீரேரியும் பாறைக்குட் புகுந்து நிற்கின்றன. உவர்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. ஆதலின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப்போல அது கிடக்கும். ஒல்லாந்துப் படைப்பொறியியலாளரான கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், செருமானியரான எர்சுபேக் 1901ஆம் ஆண்டிலும், ஒருவரை ஒருவர் சாராது இதன் கணக்கினைக் கண்டு வெளியிட்டனர். கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதனை மறுதலையாக நோக்கும்போதே இதன் கடுமை விளங்கும். இறைப்பினால் நீர்மட்டம் வெறும் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிக்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலேறும். வெடிப்பும் குகையும் நிறைந்த நம் பாறையில் இக்கணக்கு நூலிற் கண்டவாறே நிகழாது. சில இடங்களில் உவர் இன்னும் விரைந்து ஏறும். எனினும் நாற்பது என்னும் அந்த எண்ணைக் குடாநாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் வாய்ப்பாடுபோல் அறிந்திருத்தல் வேண்டும்.

அறிவித்தல் எளிது, நம்பச்செய்தல் அரிது. இங்கேதான் கைவேலை உதவுகின்றது. ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயொன்றினை ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு வெட்டி, ஒரு பலகையில் ‘ப’ எழுத்தைப்போல வளைத்துக் கட்டுக. 35 கிராம் உப்பைக் கரைத்து 1 லீற்றராக்கிய நீர் கடல்நீருக்கு ஒப்பாகும். அதனைக் குழாயின் இரு புயங்களிலும் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரம் நிற்குமளவு முதலில் ஊற்றுக. பின்னர்ச் சாயமிட்ட நன்னீரை ஒரு புயத்தின் வழியே மிக மெல்ல ஊற்றுக. விரைந்து ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும், மாணாக்கர் பெரும்பாலும் முதன்முறை கலக்கியே விடுவர், கலக்கட்டும். நன்னீர் நிரல் 41 சென்ரிமீற்றர் ஆகும்போது, இரு நீரும் சந்திக்கும் மட்டத்திலிருந்து மறுபுயத்து உப்புநீரை அளந்தால் அது 40 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். நாற்பதுக்கு ஒன்று என்று ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, அடிமட்டமே சொல்லிவிடும். நம் பாடசாலைக் குழாய்களிலும் அடிமட்டங்களிலும் 38 என்றோ 43 என்றோ வருமாயின் அதனை அவ்வாறே எழுதச்செய்து, பிழை எங்கே நுழைந்தது என்று ஆராய்வது இன்னும் நல்ல பாடம்.

இதனையடுத்து ஒரு கண்ணாடிச் சாடியில் சாயமிட்ட உப்புநீரை அரைவாசிக்கு நிரப்பி, அதன்மேல் ஓர் இலையை மிதக்கவிட்டு, இலையின்மேற் படுமாறு நன்னீரை மெல்ல ஊற்றுவித்தால் இரண்டும் படைபடையாக நிற்கும். உறிஞ்சுகுழாயொன்றின் நுனியை நன்னீர்ப் படையின் அடிப்பாகத்திலே பிடித்து மெதுவாக உறிஞ்சினால் நன்னீர் வரும். பலமாக உறிஞ்சினால் அடியிலுள்ள சாயம் கூம்புபோல் எழுந்து குழாயினுட் புகுவதைப் பிள்ளைகள் காண்பர். உறிஞ்சிய பிள்ளையின் முகஞ்சுளித்தலைக் கண்ட வகுப்பு அதனை எளிதில் மறவாது. (சமையலுப்பும் உணவுச் சாயமும் அன்றி வேறெதனையும் இச்செய்கையிற் கொள்ளலாகாது.) ஆழமாகத் தோண்டினால் நீர் பெருகும், பெரிய மோட்டார் வைத்தால் பயிர் செழிக்கும் என்று ஊரிலே வழங்கும் எண்ணத்துக்கு இச்சாடியைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

இப்பரிசோதனைகள் ஆய்வுகூடத்துக் கற்பனையல்ல என்பதற்கு நிலாவரைக் கிணறு சான்றாக நிற்கின்றது. இராமபிரான் அம்பினால் உண்டான ஊற்றென்றும் ஆழங்காணவியலாததென்றும் ஊரார் போற்றும் அக்கிணற்றினைப் பற்றி, இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனென்று என்பார் 1859ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே குறித்துள்ளார். ஆழம் 140 அடிக்கு மேலென்றும், மேலே நன்னீரும் இடையிலே சவர்நீரும் அடியிலே கடும் உவர்நீரும் உளவென்றும் அவர் எழுதினார். சாடியிற் கண்ட படைகளை நிலாவரையிற் காண வகுப்பினை ஒருமுறை அழைத்துச்செல்லுதல் தகும். கல்லொன்று கட்டிய போத்தலின் தக்கையில் வேறொரு நூல் கட்டி, வேண்டிய ஆழத்திலே தக்கையை இழுத்துத் திறந்து நீரெடுக்கும் வித்தையை மாணாக்கர் தாமே செய்து பழகலாம். ஆசிரியரும் வளர்ந்தோர் இருவரும் உடன் நிற்க, பிள்ளைகள் கட்டின்மேல் ஏறாது இதனைச் செய்தல் வேண்டும்.

சுற்றுலாப்போல ஒருநாள் சென்று வருவதனோடு பாடம் முடியலாகாது. உண்மையான பாடம் வீட்டுக் கிணற்றில், ஓராண்டு முழுவதும் நடைபெறுவது. ஒவ்வொரு மாணாக்கரும் தம் வீட்டுக் கிணற்றுக் கட்டிலே ஓரிடத்தில் வர்ணத்தால் ஓர் அடையாளம் இடுக. அதுவே என்றும் அளவெடுக்கும் இடம். அளவுநாடாவின் நுனியிலே சிறு ஈயக்குண்டு கட்டி, அதன்மேல் ஒரு முழத்துக்கு வெண்கட்டி தேய்த்து, நாடாவைக் கிணற்றுள் இறக்கி, நுனி நீரில் அமிழ்ந்ததும் அடையாளத்துக்கு நேரேயுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே எடுக்க, வெண்கட்டி நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். முதலெண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைத்துவிடும். நீரியல் அலுவலர் கையாண்டுவந்த முறையும் இதுவே. சென்ரிமீற்றர் அளவுக்குத் திருத்தமானது. செலவோ ஒரு நாடாவும் ஒரு வெண்கட்டியும்.

எந்நாளில் அளப்பது என்பது சிறிய செய்தியன்று. நாம் பூரணை தினத்தைக் கொள்க என்போம். அன்று பாடசாலை விடுமுறையாதலின் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பர். திகதியை எவரும் மறக்கமாட்டார். இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. கரையோரக் கிணறுகளின் நீர் கடலின் வற்றுப்பெருக்கோடு சேர்ந்து சிறிது ஏறி இறங்கும். ஒவ்வொரு பூரணையிலும் குறித்த ஓரிடத்திற் பெருக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருவதால், காலை ஆறு மணிக்கு, மோட்டார் போடுமுன், அளவெடுக்கும் பிள்ளையின் பன்னிரண்டு எண்களும் தம்முள் ஒப்பிடத்தக்கனவாகும். பஞ்சாங்கம் பார்க்கும் நம் வீடுகளில் இதனை விளக்குதல் கடினமன்று.

கடற்கரையை அடுத்த பாடசாலைகளில் உயர்வகுப்பு மாணாக்கர் இன்னுமொன்று செய்யலாம். மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்நிரம்பிய நெடுங்குழாயைக் கொண்டு, கடலின் சராசரி மட்டத்திலிருந்து கிணற்றுக் கட்டுவரை, ஒவ்வொரு பதினைந்து மீற்றராக உயரத்தைக் கடத்திக்கொண்டு வருக. அரைநாள் வேலை, வெயில் கடுமையானது, முறைப்பாடு செய்வாரும் இருப்பர். முடிவிலே தம் கிணற்று நீர் கடலைவிட எத்தனை சாண் உயரத்தில் நிற்கின்றது என்பதனைக் கணக்கிட்டுக் காணும்போது அவர்கள் முறைப்பாட்டை மறந்துவிடுவர். மிகச் சிறிய அவ்வுயரத்தை நாற்பதாற் பெருக்குவதே தம் ஊரின் இருப்பு என்பதனை ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க, வரவினைப் பற்றியும் சொல்லவேண்டும். குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் விழுந்துவிடுகின்றது. நேரான சுவருடைய ஒரு சாடியும் அடிமட்டமும் இருந்தால் மழைமானி தயார். 1 சதுரமீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது சரியாக 1 லீற்றர் என்பதனை மாணாக்கர் தகரத்தட்டு ஒன்றினால் ஒருமுறை சோதித்துக் கொள்ளட்டும். 100 சதுரமீற்றர் கூரையுடைய வீட்டின்மேல் ஆண்டொன்றில் விழுவது 125,000 லீற்றர். கேட்போர் திகைக்கும் எண் இது. அடுத்த நாளே தோட்டத்து மோட்டாரின் வாயில் 20 லீற்றர் வாளியைப் பிடித்து, அது நிறையும் நேரத்தை எண்ணச் செய்க. 10 செக்கனில் நிறையுமாயின் மணிக்கு 7,200 லீற்றர். கூரை முழுவதிலும் ஓராண்டு பெய்த மழையை அம்மோட்டார் பதினேழரை மணித்தியாலத்தில் இறைத்து முடித்துவிடும்! இக்கணக்கினைச் செய்த பிள்ளை தகப்பனாரிடம் போய் என்ன கேட்கும் என்பதனை நாம் ஊகிக்கலாம். மோட்டார் போடுமுன் ஒருமுறையும், போட்டபின் கால்மணிக்கு ஒருமுறையும், நிறுத்தியபின் மட்டம் பழைய நிலைக்கு வரும்வரையும் அளந்து வரைபுத்தாளில் குறித்தால், இறங்கும் கோடும் ஏறும் கோடும் கிடைக்கும். சில கிணறுகள் விரைவில் ஊறும். சில மறுநாட் காலைவரை ஊறா. அடுத்தடுத்த வளவுகளிலும் இந்த வேற்றுமை காணப்படுவதன் காரணம் பாறையின் வெடிப்புகளே.

மழைநீர் நிலத்துள் இறங்குவதற்கு நம் முன்னோர் அமைத்த வாயில்கள் குளங்களும் கேணிகளுமாம். குடாநாட்டுக் குளங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டனவெனக் கணக்கிடுவர். அவற்றுட் பல இன்று தூர்ந்தும், குப்பை கொட்டப்பெற்றும், கட்டடங்களின் அடியில் மறைந்தும் போயின. 2008ஆம் ஆண்டு நிஷா சூறாவளியும் 2020ஆம் ஆண்டு புரேவியும் கொணர்ந்த வெள்ளம் நாட்கணக்கில் வீதிகளில் நின்றமையும், பின்னர் அந்நீர் கடலுக்கு வெட்டிவிடப்பட்டமையும் பலரும் கண்டவை. மேல்நிலத்து நீரைக் கடலுக்கு விடாது தேக்கும் பெருந்திட்டம் ஒன்றினைப் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் வகுத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, அந்நீரை வடமராட்சி, உப்பாற்றுக் கடனீரேரிகளுக்குக் கொணர்வது அதன் கருத்து. அது முற்றுப்பெறாதே நின்றது. தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்கு மாணாக்கரை அழைத்துச்சென்று, அணையின் இருபுறத்து நீரையும் மின்கடத்துமானி கொண்டு அளந்து ஒப்பிடச் செய்தால், வரைபடத்திற் கண்ட திட்டம் கண்முன்னே பொருள் பெறும்.

குளத்திற்குரிய செய்கை ஒன்றினை நாம் சிறப்பாக விரும்புகின்றோம். அது எளிது, விடையோ எவரும் எதிர்பாராதது. மாரி ஓய்ந்தபின், தை மாதத்தில், குளத்திலே அளவுகோல் ஒன்றினை நட்டு நாள்தோறும் மட்டத்தைக் குறிக்குக. குளத்தருகே ஓர் அகன்ற தொட்டியில் நீர் வைத்து அதன் இறக்கத்தையும் அளக்குக. தொட்டியில் இறங்கியது வெயிலும் காற்றும் கொண்டது. சிறு தொட்டியிலே நீர் மிகையாக ஆவியாகுமாதலின் அவ்வளவிற் பத்தில் ஏழு பங்கினையே குளத்துக்குக் கொள்வது நீரியலார் வழக்கம். குளத்தின் மொத்த இறக்கத்திலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது நிலத்துள் இறங்கியது. அஃதாவது, அயற்கிணறுகளுக்குப் போனது. குளத்து நீர் வீணே கிடந்து வற்றுகின்றது, நிரவி வளவாக்கினால் என்ன என்று பேசுவோருக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையொன்று எண்ணோடு விடைகூறும் நிலை இதனால் உண்டாகும். குளத்தின் அடியில் வண்டல் தடித்திருந்தால் எஞ்சும் எண் மிகச் சிறிதாயிருக்கும். முற்காலத்தார் கோடையிலே குளத்து மண்ணை வாரித் தோட்டத்துக்கு இட்டதன் பயன் அப்போது தோன்றும்.

குளம், கிணறு ஆகியவற்றின் பெயரையும் வரலாற்றையும் ஊர் முதியோரிடம் கேட்டெழுதுவதும் இப்பாடத்தைச் சேர்ந்ததே. ஆவுரஞ்சிக் கல், கால்நடைகளுக்கான தொட்டி, மடம், சுமைதாங்கி என நீரையொட்டி எழுந்த அறங்கள் பலவற்றை அவர்கள் கூறுவர். கேட்கச் செல்லும் பிள்ளை, அக்கிணற்றில் யார் அள்ளினர் என்பதோடு யார் அள்ளவிடப்படாது வாளியோடு காத்துநின்றனர் என்பதனையும் கேட்க நேரும். அப்பக்கத்தை ஆசிரியர் குறிப்பேட்டிலிருந்து கிழித்துவிடலாகாது. அதுவும் இம்மண்ணின் நீர்வரலாறேயாம்.

இனி நீரின் தன்மைக்கு வருவோம். இங்கேதான் ஆசிரியரின் நிதானம் மிகவும் வேண்டப்படுகின்றது. உயர்தர இரசாயன மாணாக்கர் வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலால் நியமித்துக் குளோரைட்டின் அளவைக் காணலாம். பொற்றாசியங் குரோமேற்றுக் காட்டியின் மஞ்சள் செங்கபிலமாக மாறும் அக்கணத்திற் குழாயடைப்பைத் திருகும் கைப்பழக்கமும் அவர்களுக்கு வாய்க்கும். இக்காட்டி நச்சுத்தன்மையுடையதாதலின் கீழ்வகுப்பாருக்கு ஆகாது. லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவிலே நாக்கு உவரை உணரத் தொடங்கும். ஊரின் படத்திலே கிணறுகளைக் குறித்து, அளவுக்கேற்ப நிறந்தீட்டினால், உவர் எத்திசையிலிருந்து வருகின்றதென்பது புலனாகும்.

உவரை நாக்கு அறியும், நைத்திரேற்றை அறியாது. வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் புகையிலையும் செய்யும் செம்மண் தோட்டங்களில் இடப்படும் யூரியாவின் மிகையும், கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலசலகூடக் குழியின் கசிவும், வெடிப்புடைய பாறையினூடு விரைந்து நீரை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதனை மிக விஞ்சிய நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்பெறும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும். நம் தாய்மார் கொதித்தாறிய நீரையே குழந்தைக்குக் கொடுப்பர். கிருமிக்கு அது நல்ல காவல். நைத்திரேற்றோ கொதிப்பதாற் போவதில்லை. நீர் வற்றச் செறிவு கூடவே செய்யும். இதனை ஒவ்வொரு வீடும் அறிதல் வேண்டும். நிறமாறும் சோதனைத் தாட்கீலங்கள் கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இதனைச் சோதிக்கலாம்.

சோதித்தபின் என்ன செய்வது? கீலம் கடுஞ்சிவப்பாகிய பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். அது அந்த நீரைக் குடித்து வளர்ந்தது. அதன் வீட்டிலே தம்பியோ தங்கையோ தொட்டிலிற் கிடக்கலாம். அதன் தகப்பனார் அந்நீரால் விளைந்த மிளகாயைச் சந்தைக்குக் கொண்டுசெல்பவராயிருக்கலாம். வகுப்புச் சுவரிற் பெயரோடு தொங்கவிடும் அட்டவணை அவ்வீட்டைத் தலைகுனியச் செய்யும். அடுத்த மாதம் அப்பிள்ளை போத்தலிலே வேறு வீட்டு நீரைக் கொண்டுவரும். ஆகவே கிணறுகளுக்கு எண் இடுக, பெயர் வேண்டாம். எவ்வெண் எவருடையதென்பதனை ஆசிரியர் மட்டும் அறிந்திருக்க. எல்லை கடந்த கிணற்றின் நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் துணையோடு முறையான ஆய்வுகூடத்துக்கு அனுப்புக. கீலம் தருவது ஐயமேயன்றித் தீர்ப்பன்று. கைக்குழந்தையுள்ள வீடாயின் முடிவுக்குக் காத்திராது, வேறு நீர் தேடும்படி அன்றைக்கே நேரிற் சென்று சொல்லுக. தோட்டக்காரரைக் குற்றவாளியாக்கும் பேச்சு வகுப்பில் எழ இடங்கொடுக்கலாகாது. அவர் உழைப்பினால் வந்த கட்டணத்திலும் சீருடையிலுமே வகுப்பிற் பலர் அமர்ந்திருக்கின்றனர்.

2014ஆம் ஆண்டையொட்டிச் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை பெரும் பிரச்சினையாகி, உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இல் தீர்ப்புப் பெற்றதை இம்மலரை வாசிப்போர் அறிவர். அத்தகைய வேளையில் எழும் முதல் வினா, ‘முன்னர் இந்நீர் எவ்வாறிருந்தது?’ என்பதே. விடைகூறத்தக்க குறிப்பேடு எத்தனை வீடுகளில் இருந்தது? மாணாக்கரின் மாதக் குறிப்பு நிபுணரின் ஆய்வுக்கு ஈடாகாது; ஆயினும் ஒரு நாள் மணமோ நிறமோ மாறியதென்று திகதியோடு எழுதிவைத்த குறிப்பு, வெறும் நினைவிலும் பன்மடங்கு பெறுமதியுடையது.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்பர். நியாயமான கேள்வியே. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு வந்த தொழின்முன்னிலைப் பாடம் ஊர்த்தொழிலை மாணாக்கர் நேரிற் சென்று கற்கவேண்டுமென்று விதித்தது. அப்பத்தாண்டு முடியுமுன்னே கைவிடப்பட்டது. இக்காலத்து ஒப்படைகளும் செயற்றிட்டங்களும் நல்ல நோக்கத்தோடு வந்தவையே. ஆனால் கடையிலே அச்சிட்ட படத்தை வாங்கி ஒட்டி, மூத்த சகோதரரின் கொப்பியைப் பார்த்தெழுதி, புள்ளி பெறும் வழி திறந்திருக்கும்வரை எந்தப் பிள்ளை கிணற்றடிக்குப் போகும்? கிணற்று அளவுக்கு இந்த இடர் குறைவு. ஒருவர் கிணற்றின் எண் மற்றொருவருக்குப் பொருந்தாது. பூரணைக்கொருமுறை பத்து நிமிடம், தவணைக்கு இரண்டு பாடவேளை, ஆண்டுக்கு ஒரு பயணம். இதற்குமேல் நாம் கேட்கவில்லை. கணித ஆசிரியர் வரைபு கற்பிக்க இந்த எண்களையே எடுத்துக்கொள்ளலாம். புள்ளி வழங்குவதாயின் அழகான அட்டைக்கு வழங்காது, இடைவிடாத பன்னிரண்டு அளவுகளுக்கு வழங்குக. விடுபட்ட மாதத்தை வெற்றிடமாகவே விட்ட பிள்ளைக்கு, கற்பனையால் நிரப்பியவனைவிடக் கூடுதலாகக் கொடுக்க.

2024ஆம் ஆண்டிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றது. குழாய்நீர் வீட்டுக்கு வருவது வரவேற்கத்தக்கதே. வந்தபின் கிணற்றை எட்டிப் பார்ப்போர் மேலும் குறைவர்; தோட்டமோ கிணற்றையே நம்பியிருக்கும். அளக்கத் தொடங்குவதற்கு இதுவே ஏற்ற காலம்.

கடைசியாக, வெள்ளவத்தையிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இம்மலரை விரிக்கும் பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்கும் கணினிக்கும் அவர்கள் வாரி வழங்கியதற்குக் கல்லூரி நன்றியுடையது. இதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. நீர்மட்டத்தை அறிவதற்கு மிகச் சிறந்தது இறைப்பு நிகழாத கிணறு. அத்தகைய கிணறுகள் பூட்டிக்கிடக்கும் அவர்கள் வளவுகளில் உள்ளன. ஆசிரியர் ஒருவரும் மாணாக்கர் இருவரும் மாதம் ஒருமுறை உட்சென்று அளவெடுக்க இசைவு தந்து, படலைச் சாவி அயலில் யாரிடம் உள்ளதென ஒரு வரி எழுதினாற் போதும். கிணற்றை மூடிய தகரம் உக்கியிருப்பின் அதனை மாற்றிக் கொடுக்கவும் நம் மாணாக்கர் பின்னிற்கமாட்டார். புரட்டாதிப் பூரணைக்கு முன் அவ்வரி கிடைக்குமாயின், மாரிக்கு முந்திய முதல் அளவினையும் அக்கிணற்றிலே எடுத்துக்கொள்ளலாம்.